மாடு போகும் வழி: பெங்களூரிலிருந்து ஒரு தை மாதப் பயணம்

போகிக்கு முந்தைய நாள், பெங்களூரு

அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று நம்மவர்கள் கூடும் டீக்கடை எதில் நின்றாலும் இந்த வாரம் ஒரே பேச்சுதான். "ஜல்லிக்கட்டுல இறங்கணும்னா என்ன பண்ணணும்?" இறங்குவதில் மூன்று விதம் உண்டு. மாடுபிடி வீரராக இறங்கலாம், காளையோடு உதவியாளாகப் போகலாம், கேலரியில் உட்காரலாம். மூன்றுக்கும் வாசல் வேறு, ஆபத்தும் வேறு வேறு.

வீரராக இறங்க நினைத்தவர் இன்றைக்குக் கண் விழித்தால் பயனில்லை. மதுரை மாவட்ட இணையதளத்தில் நடக்கும் பதிவு சில நாட்களுக்கு முன்பே மூடிவிடும். ஆதார், வயதுச் சான்று, புகைப்படம், உடல்தகுதிச் சான்று எல்லாம் ஏற்றி, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் டோக்கன் இறங்கும். அண்ணன் டோக்கனில் தம்பி வருவது, நகல் எடுத்த டோக்கனோடு வருவது எல்லாம் களத்து வாசலிலேயே பிடிபடும். உள்ளூர் மாமாவிடம் சொல்லி நுழைந்துவிடலாம் என்பது பழைய கணக்கு. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரியில் மெரினா போராட்டமும் சட்டத் திருத்தமும், 2023 மே 18-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. இவ்வளவும் தாண்டி வந்த விளையாட்டு என்பதால் ஒவ்வொரு டோக்கனும் எண்ணிக்கையில் இருக்கும்.

அதே தீர்ப்பில்தான் கர்நாடகத்தின் எருமை ஓட்டமான கம்பளாவும் பிழைத்தது. 2023 நவம்பரில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் கம்பளா பார்த்தவர்கள் "இதுவும் அதுமாதிரிதானே" என்று கேட்கிறார்கள். கம்பளாவில் எருமைகள் ஜோடியாகப் பூட்டப்பட்டிருக்கும், சேற்றுத் தடத்தை விட்டு விலகாது, ஓட்டுபவர் பின்னாலேயே ஓடுவார். ஜல்லிக்கட்டில் வாசலைத் தாண்டிய காளையின் மேல் ஒரு முழம் கயிறுகூட இருக்காது. மாடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மாடுதான் முடிவு செய்யும். இந்தப் பயணம் முழுக்க நினைவில் இருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

பையில் வைக்க வேண்டியது கொஞ்சம். டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் இன்றே போட்டுக்கொள்ளவும். தொப்பி வேண்டும், குடை வேண்டாம். விரித்த குடைக்குப் பின்னால் இருப்பவர் அதைப் பிடுங்கி எறிவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, நன்றாகத் துவைத்த பழைய நாலு முழப் பருத்தி வேட்டி ஒன்று. வேட்டி எதற்கு என்பது தை 2 பதிவில்.

போகி, சாலையில்

பெங்களூரு–மதுரை ஏறக்குறைய 435 கிலோமீட்டர். ரயிலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கண்டோன்மென்டில் பிற்பகல் 1.30-க்குக் கிளம்பும் வந்தே பாரத் இரவு 9.45-க்கு மதுரை சேர்க்கும், செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. பொங்கல் வாரத்துக்கு முன்பதிவு திறக்கும் அன்றே, அதாவது 60 நாளுக்கு முன்பே, உட்கார வேண்டும். மடிவாளாவிலிருந்து போகும் ஆம்னி பஸ் கட்டணத்தைப் பற்றி எழுதினால் வயிறு எரியும், விட்டுவிடலாம்.

காரில் போகிறவர்கள் அதிகாலை நான்கு மணிக்குள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட வேண்டும். விடிந்தபின் கிளம்பினால் ஓசூர் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் நமக்கு இறக்கம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் லாரிகள் சரிகிற இடம் அது. கியரைக் குறைத்து, இடது பக்கமாக, முன்னால் போகும் லாரியை விட்டு நன்றாகத் தள்ளி இறங்கவும்.

நாம் ஜல்லிக்கட்டு பார்க்கப் போகும் மூன்று ஊர்களில் பாலமேடும் அலங்காநல்லூரும் மதுரைக்கு வடக்கே இருக்கின்றன. அதனால் மதுரை நகருக்குள் அறை தேடி அலைவதைவிட, திண்டுக்கல் சாலையில் வாடிப்பட்டிப் பக்கம் தங்கினால் விடியற்காலையில் நகர நெரிசலில் மாட்ட வேண்டாம். அவனியாபுரம் மட்டும் தெற்கே, விமான நிலையம் போகும் வழியில்.

தை 1, அவனியாபுரம்

மூன்று நாளில் முதல் நாள், மூன்றிலும் மிக நகரத்தனமான களம். மாநகராட்சி எல்லைக்குள், வீடுகளுக்கு நடுவே, சாலையிலேயே வாடி, அதாவது காளை களத்துக்குள் பாயும் வாசல், கட்டப்படுகிறது. முதன்முறை வருபவர்கள் இங்கே விளையாட்டைப் பார்ப்பதைவிட ஏற்பாட்டைப் பார்ப்பது நல்லது. அடுத்த இரண்டு நாளுக்கும் அது உதவும்.

பின்னாலிருந்து தொடங்குவோம். காளைகள் வரிசை ஒரு தெருவையே அடைத்து நிற்கும். காளையோடு உரிமையாளரும் பழகிய உதவியாளர் ஒருவரும் மட்டுமே. கால்நடை மருத்துவர்கள் மாட்டைப் பார்க்கிறார்கள். கண்ணில் எலுமிச்சைச் சாறோ மிளகாய்ப் பொடியோ பட்டிருக்கிறதா, மது கொடுத்திருக்கிறார்களா, கொம்பு நுனியைச் சீவியிருக்கிறார்களா, உடம்பில் காயம் உண்டா என்று. தேறிய காளை குறுகலான தடுப்புச் சந்துக்குள் போகும். சந்தின் முடிவில் வாடிவாசல், ஒரு மாடு மட்டும் நுழையும் அகலம். அங்கே மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து மாடு சுதந்திர மாடு.

வாசலுக்கு முன்னால் தரையில் தென்னை நார்க்கழிவு பரப்பியிருக்கும், விழுகிற ஆளுக்கும் மாட்டுக்கும் சேர்த்து. இரு பக்கமும் எட்டடி உயரத்துக்கு இரட்டைத் தடுப்பு. இரண்டு தடுப்புக்கும் இடையிலுள்ள சந்து காலியாகத்தான் இருக்க வேண்டும். கூட்டம் பெருகினால் முதலில் நிரம்புவதும் அதுதான். அங்கே நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்துவிட்டு நாமும் நுழைந்தால், மாடு முதல் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிற அன்று ஓட இடமிருக்காது.

வீரர்களுக்கும் பரிசோதனை உண்டு. எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மது வாடை. பயத்தில் அழுத்தம் ஏறித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. இரவெல்லாம் தூங்காமல் பஸ்ஸில் வந்து காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு அது ஏறத்தான் செய்யும். வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் நாளே வந்து தூங்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தை 2, பாலமேடு

மஞ்சமலை ஆற்றுத் திடல். முதலில் கோயில் காளைகள் அவிழ்க்கப்படும். அவற்றை யாரும் பிடிப்பதில்லை, கும்பிட்டு ஒதுங்குவார்கள். அதன்பிறகுதான் ஆட்டம். வீரர்கள் சுற்றுக்கு ஒரு நிற பனியனில், எண்ணோடு, குழுவாக இறங்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதிக மாடு பிடித்தவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள்.

விதி சுருக்கமானது. ஒரு காளையை ஒரே ஆள், திமிலை மட்டும் பிடித்து, மாடு மூன்று துள்ளல் துள்ளும் வரையோ, 15 மீட்டரோ, 30 நொடியோ தொங்க வேண்டும். வாலைப் பிடித்தால், கொம்பைப் பிடித்தால், காலைக் கட்டினால் செல்லாது. இரண்டு பேர் விழுந்து பிடித்தாலும் பரிசு இல்லை. ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் கேட்பது "வாடிய மறைக்காத தம்பி, ஒதுங்கு, மாடு வரட்டும்!" என்பதுதான்.

மறைக்கக் கூடாது என்பது வெறும் ஒழுங்கு விஷயமல்ல. இருட்டுச் சந்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும் மாடு நேராகத்தான் பாயும். வாசலுக்கு எதிரே நிற்பவர் கொம்புக்கு நேரே நிற்கிறார். தெரிந்த வீரர்கள் வாசலின் இரு பக்கச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்பார்கள். மாட்டின் தலையும் கழுத்தும் தாண்டி, தோள்பட்டை வாசலைக் கடக்கும் அந்த நொடியில்தான் தாவுவார்கள். அரை நொடி முந்தினால் கொம்பு. பிந்தினால் கையில் வால்தான் மிஞ்சும், அதைப் பிடிக்கவும் கூடாது.

தாவியபின் உடம்பு நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். இரண்டு கையும் திமிலைச் சுற்றி வளைத்து, ஒரு கை மறுகையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். நெஞ்சு மாட்டின் தோளோடு ஒட்டியிருக்கும். தலை திமிலுக்குப் பின்னால், தாழ்ந்து. புதியவர்கள் செய்யும் தவறு, மாடு என்ன செய்கிறது என்று பார்க்கத் தலையை நிமிர்த்துவது. மாடு தலையைப் பின்னால் வீசும்போது கொம்பு வந்து சேரும் இடம் சரியாக அந்த முகம்தான். அடுத்த தவறு, காலைத் தரையில் ஊன்றி மாட்டை நிறுத்தப் பார்ப்பது. முந்நூறு கிலோவுக்கு மேலுள்ள மாட்டை யாரும் நிறுத்த முடியாது. கூடவே ஓட வேண்டும், துள்ளும்போது காலை மடக்கிக்கொள்ள வேண்டும். மாடு சுற்ற ஆரம்பித்தால் சுற்றின் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டவர் தாங்குவார், வெளிப்பக்கம் தொங்குபவரின் கை வியர்வையில் வழுக்கும். மோதிரம், செயின், கைக்கயிறு எதுவும் கூடாது என்பதும் இதனால்தான். கொம்பில் மாட்டினால் விரலோடு போகும்.

எல்லா மாடும் ஒன்றல்ல. வாசலைத் தாண்டியதும் வால் தூக்கிக்கொண்டு ஓடிவிடும் மாட்டைப் பார்த்துக் கூட்டம் கை தட்டாது. வளர்ப்பவர்கள் பெருமையாகச் சொல்வது நின்று விளையாடும் மாட்டைத்தான். வெளியே வந்து, திரும்பி, மண்ணைக் கிளறி, யாராவது வா என்று நிற்கும். அப்போது களத்தில் ஓர் ஆள் இருக்க மாட்டார், எல்லோரும் தடுப்புக் கம்பியில் வௌவால் மாதிரி தொங்குவார்கள். அதற்குத் தகுந்தபடிதான் பழக்கமும். குளத்தில் நீச்சல், மண் மேட்டைக் குத்தும் பயிற்சி, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பேரீச்சம்பழம். மதுரைக் களங்களில் அதிகம் பேசப்படும் இனம் புலிக்குளம். அதற்குச் சதையைவிட வேகமும் கோபமும் அதிகம். காங்கேயமும் வரும். சிவப்புச் சட்டை போட்டால் குத்தும் என்பதை மறந்துவிடுங்கள். மாடு துரத்துவது நிறத்தை அல்ல, அசைவை.

அதனாலேயே, விழுந்துவிட்டால் எழுந்து ஓடக் கூடாது. குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பின்கழுத்தையும் தலையையும் மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். அசையாத உடம்பை மாடு பெரும்பாலும் தாண்டிப் போகும், மிதிபட்டால்கூடக் குத்தைவிட அது தேவலாம். எழ முயன்று மண்டியிட்ட நிலையில் இருப்பவரின் வயிறும் தொடையும் கொம்பின் உயரத்தில் இருக்கும். குத்து மோசமாக விழுவது அந்த நிலையில்தான்.

இப்போது வேட்டி. தொடை இடுக்கில் குத்துப்பட்டு ரத்தம் பீறிட்டால் வேட்டியை மடித்துக் காயத்துக்குள் அழுத்தி, உள்ளங்கையால், உடம்பு எடையைப் போட்டு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு மடிப்பு. வயிற்றில் குத்திக் குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் மூடுங்கள். "பாவம், நாக்கு வறளுது" என்று தண்ணீர், சோடா கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். களத்திலேயே மருத்துவக் குழுவும் 108 ஆம்புலன்ஸும் நிற்கும். முதலுதவி முடிந்து பெரிய காயங்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகும். சிறிய கீறல்தானே என்று மஞ்சள் பூசிக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. கொம்புக் குத்து வெளியே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும், சாணியும் மண்ணும் உள்ளே போயிருக்கும்.

தை 3, அலங்காநல்லூர்

முதலில் வழி குழப்பம். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரி 24-ல் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. அது வேறு. தை மாத ஜல்லிக்கட்டு ஊருக்குள், முனியாண்டி கோயிலை ஒட்டிய பழைய வாடிவாசலில்தான். மேப்பில் "ஜல்லிக்கட்டு அரங்கம்" என்று தட்டியவர்கள் ஊருக்கு வெளியே போய் நிற்பார்கள். கேலரியில் இடம் வேண்டுமானால் ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும். உட்கார்ந்தபின் மாலை வரை இறங்க முடியாது என்று எண்ணிக்கொண்டு முதல் நாள் இரவு சாப்பாட்டைத் தீர்மானிக்கவும். வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலாத் துறையின் தனி மேடை உண்டு. அலுவலக நண்பரை அழைத்து வருபவர்கள் அதை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

பரிசு விவரம் எல்லோருக்கும் தெரியும். அண்டா, கட்டில், சைக்கிள், தங்கக் காசு, கடைசியில் கார், டிராக்டர். மாடு பிடிபடாவிட்டால் பரிசு மாட்டுக்காரருக்கு. ஒரு காளைக்காக வருஷம் முழுக்கச் செலவழித்தவருக்கு அந்த அண்டா விலையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மைக்கில் ஊர் பேரும் வீட்டுப் பேரும் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதற்காகத்தான்.

எல்லாக் கேமராவும் வாடிவாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, சாவும் பெரிய காயமும் அதிகம் வரும் இடம் மறுமுனையில் இருக்கிறது. களம் முடிந்ததும் மாடு ஒரு நீண்ட தடுப்புப் பாதை வழியாக ஓடி, காளைகள் சேருமிடத்துக்குப் போகும். அங்கே உரிமையாளர் கயிறோடு காத்திருந்து பிடிக்க வேண்டும். களத்துக்குள் இருப்பவர்கள் வீரர்கள், சோதிக்கப்பட்டவர்கள், கண் மாட்டின் மேலேயே இருக்கும். சேருமிடத்தில் இருப்பவர்கள் மாமா, மச்சான், டீ குடிக்க வந்தவர், போனில் பேசுகிறவர். மாடோ வெறி அடங்காமல், தன் ஆளைத் தேடிக்கொண்டு, புதிய இடத்துக்குள் வருகிறது. ஒரு மாட்டைக் கயிறு போடக் குனிந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்த மாடு வந்துவிடுகிறது. பழகிய உரிமையாளரையே குத்திய காளைகள் உண்டு, ஏனென்றால் அந்த நிமிஷத்தில் அதற்கு எல்லோரும் ஒன்றுதான்.

ஆகவே, "சொந்தக்காரர் மாடு வருது, கூடப் போறேன்" என்று பெங்களூரிலிருந்து உதவியாளாகப் போகிறவர்கள் வீரரைவிடக் கவனமாக இருக்க வேண்டும். மாடு உங்களை நாள்தோறும் பார்த்த மாடாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை தடவிக்கொடுத்த பழக்கம் போதாது. சேருமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஏறி நிற்க ஒரு வண்டியோ சுவரோ மரமோ எங்கே என்பது. அதிலிருந்து பத்தடிக்கு மேல் விலகக் கூடாது. தடுப்புப் பாதை திறக்கும் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கவும். மாட்டை முன்பக்கமாக நெருங்காதீர்கள். அது கேட்டுப் பழகிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேகம் குறைந்து மூச்சு வாங்க நின்றபின், தோள் பக்கமாகப் போய்க் கயிறு போட வேண்டும். மாடு தப்பி வயல் பக்கம் ஓடினால் கூட்டமாகத் துரத்த வேண்டாம். துரத்தத் துரத்த ஓடும். கிணற்றில் விழுந்த மாடுகள் இப்படி விழுந்தவைதான்.

வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கேலரியில் இடம் கிடைக்காதவர்கள், மாடு வெளியே வரும் இடத்திலாவது பார்ப்போம் என்று அங்கே போய் நிற்பதுதான் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது.

தை 5, கிருஷ்ணகிரி வழியாகத் திரும்பும்போது

மதுரைக்குப் போக முடியாதவர்களுக்கு, நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வேறு ஆட்டம் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா. திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் காளை விடும் விழா, மாடு விடும் விழா. தை தொடங்கி மாசி தாண்டியும் ஊர் ஊராக நடக்கும். மதுரை மாதிரி வாடியும் திமில் பிடிப்பதும் கிடையாது, ஓட்டம்தான். தெருவின் இருபுறமும் சவுக்குக் கட்டை கட்டி, மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். வேலூர்ப் பக்கம் குறைந்த நொடியில் எல்லைக் கோட்டைத் தாண்டும் மாட்டுக்கு முதல் பரிசு. கிருஷ்ணகிரிப் பக்கம் கொம்பில் அலங்காரத் தடுக்கு கட்டி விடுவதும், இளைஞர்கள் அதைப் பறிக்கப் பாய்வதும் உண்டு. ஹள்ளிகார் மாடுகள் இங்கே நிறைய. டிசம்பர் வாக்கில் தொட்டபள்ளாபுரம் அருகே காட்டி சுப்பிரமணியா மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறமும் பின்னால் வளைந்த கொம்பும் பழக்கமாகத் தெரியும்.

கிளம்பும் முன் அனுமதி கிடைத்ததா என்று அந்த ஊர்க்காரரிடமே கேட்டு உறுதி செய்யவும். 2023 பிப்ரவரி 2-ல் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதற்காக நெடுஞ்சாலையை மறித்து, பெங்களூரு வண்டிகள் மணிக்கணக்கில் நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

இங்கே வீரர் பனியன் கிடையாது என்பதால், கட்டைக்குள் யார் வேண்டுமானாலும் இறங்குகிறார்கள். சிக்கலே அங்குதான். ஓடி வரும் மாட்டைத் தட்டுவதற்காகத் தெருவின் நடுவே இரு பக்கமும் மனிதச் சுவர் எழும்பி, மாட்டுக்கு மிஞ்சும் வழி ஒரு ஆள் அகலம் ஆகிவிடும். முன்வரிசையில் நிற்பவர் பின்னால் நகர நினைத்தாலும் பின்வரிசை விடாது. முதல் மாடு போனதும் எல்லோரும் அதன் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள், அடுத்த மாடு அதற்குள் அவிழ்க்கப்பட்டிருக்கும். அடிபடுகிறவர்களில் பலர் முதுகில்தான் அடிபடுகிறார்கள்.

பார்ப்பதற்கு நல்ல இடம் புறப்படும் முனையும் அல்ல, நடுத்தெருவும் அல்ல. தெரு நேராக இருக்கும் பகுதியில், கட்டைக்கு வெளியே, மாடி வீட்டுத் திண்ணையோ மொட்டை மாடியோ கேட்டு வாங்கிக்கொள்ளவும். கேட்டால் கொடுப்பார்கள், கூடவே ஒரு சொம்பு மோரும் வரும். தெரு வளையும் இடத்தின் வெளிப்பக்கம் வேண்டாம், வேகமாக வரும் மாடு திரும்ப முடியாமல் அந்தக் கட்டையில்தான் மோதும். காரை ஓட்டம் முடியும் திசையில் நிறுத்தாதீர்கள். அறுவடை முடிந்த வயல், காலி இடம் என்று பார்த்து நிறுத்துவோம், களைத்த மாடு வந்து நிற்பதும் அதே வயலில்தான். கடைசி மாட்டின் மூக்கில் கயிறு ஏறியது என்று மைக்கில் சொன்ன பிறகு இறங்கி, மூன்று மணிக்குள் கிளம்பினால் அத்திப்பள்ளி நெரிசலுக்கு முன்னால் ஊர் சேரலாம்.